முனீஸ்வரனை நான் கொன்ற விதம்

தேயிலை எஸ்டேட் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் கிளார்க்காக இருந்தபோது நான் கொன்ற தாய்மார்கள் நானூறு பேருக்குக் குறையமாட்டார்கள். தகப்பன்மார் அதில் பாதி. சித்தி, பெரியப்பா, மாமியார் வகையறா இதில் சேர்த்தியில்லை.

வேறு வழி கிடையாது. கேரளத்துச் சின்னக்கானலில் இருந்து சங்கரன்கோவில் பக்கம் போய்வரத் தொழிலாளிக்கு லீவு வேண்டி, "குலசாமி கோயில் கொடை" என்று எழுதினால் துரை ஒரு நாள் தருவார். "தாய் மரணப்படுக்கை" என்றால் மூன்று நாள். "தாய் காலமானார்" என்றால்தான் ஏழு நாள். ஆகவே கொன்றேன். கருத்தப்பாண்டி என்கிறவனுக்கு ஒரே தாயை நாலு தடவை கொன்று கொடுத்திருக்கிறேன். நாலாம் தடவை அந்த அம்மாளே ஆபீஸ் வாசலுக்கு வந்து, "கிளார்க்கய்யா, இந்தத் தடவ எனக்கு என்ன சீக்கு? யாராச்சும் கேட்டா மாத்திச் சொல்லிரக் கூடாதுல்ல" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனாள்.

நான் ரிட்டயர் ஆனேன். என் கை ஆகவில்லை. கடைத்தெருவில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, பென்ஷன், ரேஷன் கார்டு, கல்யாண உதவி என்று வருகிறவர்களுக்கெல்லாம் மலையாளத்தில் அபேட்சை மனு எழுதிக்கொண்டிருந்தேன். கிளார்க் சுவக்கீன் எழுதினால் வில்லேஜ் ஆபீசர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சீல் வைப்பார் என்று பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.

முனீஸ்வரன் வீடு நாலாம் டிவிஷன் லயத்து வரிசையில் கடைசி. ஓர் அறை, பின்னால் ஓர் அடுப்படி, அவ்வளவுதான் வீடு. முனீஸ்வரனுக்கு ஃபேக்டரியில் எப்போதும் நைட் ஷிப்ட். சாயந்திரம் வந்து இறங்குகிற பச்சைக் கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, காற்றுவிட்டு, புரட்டிப் புரட்டி விடியும்வரை வாடவைக்க வேண்டும். காலை ஆறரைக்கு அவனும் அதே பதத்தில் வாடி வீட்டுக்கு வருவான். கஞ்சியைக் குடித்துவிட்டு அந்த ஒரே அறையின் நடுவில் விழுந்தால் சாயந்திரம் நாலு மணிவரை எழுந்திருக்கமாட்டான். அவன் குறட்டைக்குப் பயந்து சூரியநெல்லிவரைக்கும் யானை ஒதுங்கிப் போகும் என்று நான் சொல்வதுண்டு. பொய்தான். பாதி தூரம்தான் போகும்.

அவன் பெண்டாட்டி பூமாரி கொழுந்தெடுக்கப் போய்விடுவாள். மகள் யோகப்பிரியா அந்த அறையில் வளர்ந்தவள். டிவி போடக் கூடாது, ரேடியோ கூடாது, வாய்விட்டுப் படிக்கக் கூடாது. நான் கொடுத்த, ஆள் வருகை போடும் பழைய பிரட்டுத் தாள்களின் பின்பக்கத்தில் அப்பன் தூங்குவதை வரைய ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் தொடங்கியது, மூணாறில் பி.காம். முடித்து ரிசார்ட் ஒன்றில் வரவேற்பு மேஜை வேலைக்குப் போன பிறகும் நிற்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு ஒரு முனீஸ்வரன். கைலி தொடைக்கு ஏற, சின்னப் பிள்ளை மாதிரி ஒருக்களித்து ஒரு முனீஸ்வரன். வயிற்றின்மேல் பூனை தூங்க, அது நழுவிவிடாமல் தூக்கத்திலேயே கையால் அணைத்துப் பிடித்திருக்கும் ஒரு முனீஸ்வரன். எனக்குக் காட்டினாள். சிரித்த சிரிப்பில் எனக்குக் குடல் இறங்கி, டாக்டர் பெல்ட் போடச் சொல்லிவிட்டார். சரி, பெல்ட் ஏற்கெனவே இருந்தது; ஒரு துளை இறுக்கச் சொன்னார்.

போன வருஷம் அவளுக்கு போனில் ஓர் அறிவிப்பு வந்தது. பாலக்காட்டில் ஒரு கலைக்கூடம். கலை உலகத்தில் இதுவரை இடம் கிடைக்காத மக்களிலிருந்து எட்டு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு வருஷம் தங்க அறையும் வரைய சாமானும் கொடுப்பார்களாம். இடம் கிடைக்காத மக்களுக்கான அந்த விண்ணப்ப பாரம் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் மட்டும் இருந்தது. யோகப்பிரியா படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். ரிசார்ட்டில் "வெல்கம் சார்" சொல்லும் இங்கிலீஷ், பாரம் கேட்ட ஐந்நூறு சொல்லுக்கு வராது.

"பின்னணி எழுதணுமாம் கிளார்க்கய்யா. கடந்து வந்த தடைகளும் எழுதணுமாம். நான் தமிழ்ல எழுதிக் கொண்டாந்திருக்கேன். நீங்க மாத்தி மட்டும் குடுங்க" என்று ஒரு தாளை நீட்டினாள்.

நாலே வரி. 'எங்கள் வீட்டில் ஒரே அறை. அப்பாவுக்கு நைட் ஷிப்ட், பகலில் தூங்குவார். சத்தம் போடாமல் செய்யக்கூடிய வேலை படம் வரைவது ஒன்றுதான். அதனால் அப்பாவை வரைந்தேன்.'

"இது என்ன தாயி, பத்தியக் கஞ்சி மாதிரி இருக்கு. தடை எங்க?"

"அவரு தூங்குறதுதான் தடை" என்று சிரித்தாள்.

"நீ ஒப்பு மட்டும் போடு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

போட்டுவிட்டுப் போனாள். வாசித்துக்கூடப் பார்க்கவில்லை, முப்பது வருஷமாக அவள் வீட்டில் யாருமே என் எழுத்தை வாசித்துப் பார்த்ததில்லை. அந்த நாலு வரியைக் கசக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்தேன். மழை அன்றைக்கு நல்ல துணை. முதல் நூறு சொல்லில் லயத்தின் கூரையை ஒழுகவிட்டேன். இருநூறில் அவளுக்கு மூன்று நாள் பட்டினி. கை சூடு பிடித்துவிட்டது. முந்நூற்று ஐம்பதாவது சொல்லில், நைட் ஷிப்டுக்குப் போன முனீஸ்வரனை ஏலக்காட்டு ஓரத்தில் யானை மிதித்துக் கொன்றது. விடிந்து போய்ப் பார்த்தால் ஒற்றைச் செருப்பும், அணையாமல் எரிந்துகொண்டிருந்த டார்ச் லைட்டும் மட்டும் கிடந்தன. மகள் அன்றுமுதல் அப்பனை நினைவிலிருந்து வரைந்துகொண்டிருக்கிறாள்.

எழுதி முடித்ததும் நானே மூக்கைச் சிந்தினேன். ஏழு நாள் லீவு என்ன, ஏழு வருஷம் கிடைக்கும்.

கிடைத்தது. ஆனியில் யோகப்பிரியா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலக்காடு போனாள். "என் எழுத்து" என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் என்ன எழுதினேன் என்பது எனக்கே மறந்துபோனது. நானூறு சாவில் ஒன்று.

இரண்டாம் மாதம் அவளுடைய முதல் கண்காட்சி. எல்லாரையும் கூப்பிட்டிருந்தவள், திறந்த மறுநாள் அம்மாவுக்கு போன் போட்டு, வர வேண்டாம் என்றாள். அவ்வளவு தூரம் எதற்கு, அப்பாவுக்கு உடம்பு நோகும், வேண்டவே வேண்டாம். பூமாரி என் அறைக்கு ஏறி வந்தாள். கொழுந்துக்கூடைக்கு முதுகில் கட்டுகிற படுதாவைக்கூட அவிழ்க்கவில்லை.

"அவளுக்கு எங்களப் பாத்தா வெக்கம் வந்துட்டு கிளார்க்கய்யா. பெரிய ஆளுக மத்தியில இவதான் எங்கம்மான்னு காட்ட வெக்கம்."

"சேச்சே. பிள்ளைக்குக் கூச்சம். நாம திடீர்னு போய் நிப்போம். பாத்ததும் எப்படிக் குதிக்கான்னு பாரு!" என்றேன். எனக்குக் குதிப்பதைப் பார்க்க ஆசை.

சனிக்கிழமை விடியற்காலை மூன்று பேரும் கிளம்பினோம். முனீஸ்வரன் ஷிப்டைச் சீக்கிரம் முடித்து, மேல் கழுவி, தலைக்குச் சாயம் பூசி, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். பூமாரி ஒரு தூக்குச்சட்டி நிறையப் புளிச்சோறும், வாழையிலையில் தேங்காய்த் துவையலும் கட்டியிருந்தாள். மூணாறில் உடுமலை பஸ். உட்கார்ந்ததும் முனீஸ்வரன் தூங்கிவிட்டான்.

மறையூர் தாண்டி, சின்னாறு காட்டுக்குள் பஸ் நின்றது. ரோட்டின் நடுவில் யானை. பஸ்ஸில் இருந்த டூரிஸ்ட்டுகள் போனைத் தூக்கினார்கள். முனீஸ்வரன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.

"இதுக்கா நிறுத்தினான்? நம்ம வாசல்ல வாரதுல பாதிகூட இல்லையே" என்று சொல்லிவிட்டு, மறுபடி தூங்கினான்.

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. இந்த மனுஷனை நான் கொன்றிருக்கிறேன். யானையை விட்டு. ஐந்நூறு சொல்லில்.

யோகப்பிரியா ஏன் வர வேண்டாம் என்றாள் என்பது சின்னாறிலிருந்து உடுமலைவரை வளைவுக்கு வளைவு எனக்கு விளங்கிக்கொண்டே வந்தது.

உடுமலையில் இறங்கியதும், "பூமாரி, பாலக்காட்டுல இன்னைக்கு ஹர்த்தாலாம். ஒரு பஸ்ஸும் ஓடாதாம். திரும்பிருவோம்" என்றேன்.

அவள் நேரே பொள்ளாச்சி பஸ் கண்டக்டரிடம் போனாள். கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ஹர்த்தாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒமக்கும் எங்களக் கூட்டிட்டுப் போக வெக்கமா இருக்கா கிளார்க்கய்யா?"

பஸ்ஸில் ஏறினேன். பொள்ளாச்சி, அங்கிருந்து கோவிந்தாபுரம் செக்போஸ்ட், கொல்லங்கோடு. வழி நெடுக வயலும் பனையும். நான் கர்த்தரிடம் ஒரு உண்மையான ஹர்த்தாலைக் கேட்டுக்கொண்டே போனேன்.

கலைக்கூடம் ஒரு பழைய அரிசி மில். உள்ளே வெள்ளையடித்து, விளக்குப் போட்டிருந்தார்கள். ஒரு நீளச் சுவர் முழுக்க முப்பது முனீஸ்வரன்கள் சட்டம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முனீஸ்வரன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"ஏ பூமாரி, நான் இம்புட்டு அழகாவா தூங்குதேன்?"

"பூனைதான் அழகு" என்றாள் பூமாரி. ஆனால் கண் கலங்கியிருந்தது.

சுவர் நெடுக ஆட்கள். யாரும் சிரிக்கவில்லை. வாயைப் பிளந்த முனீஸ்வரனுக்கு முன்னால் ஒரு அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். ஒரு இளம் தம்பதி, பூனைப் படத்துக்கு எதிரே தலை குனிந்து நின்றார்கள். தூங்குகிறவனை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. முனீஸ்வரன் என் காதருகே வந்தான்.

"என்னய்யா, எல்லாரும் அழுதாக? என் காலு அம்புட்டு அசிங்கமாவா இருக்கு?"

சுவரின் தலைப்பில் ஒரு பலகை. மலையாளம், இங்கிலீஷ். பூமாரி அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "இதுல என்ன எழுதியிருக்கு கிளார்க்கய்யா? நம்ம பிள்ள பேரு இருக்கா? வாசிங்க."

என் எழுத்து. செருப்பு, டார்ச் லைட், எல்லாம் அப்படியே இருந்தது. நான் வாசித்தேன். "இந்தப் பிள்ளை யோகப்பிரியா மலைநாட்டின் மாணிக்கம். இவளைப் பெற்ற முனீஸ்வரனும் பூமாரியும் செய்த புண்ணியம்..." இன்னும் நாலு வரி சேர்த்தே வாசித்தேன். பூமாரி கையெடுத்து அந்தப் பலகையைக் கும்பிட்டாள்.

அப்போதுதான் யோகப்பிரியா உள்ளேயிருந்து வந்தாள். எங்களைப் பார்த்தவள் குதிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் பருத்திச் சேலையில் ஒரு பெண். கலைக்கூடத்தை நடத்துகிறவள், ஸ்ரீரஞ்சனி. கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரி. பூமாரியின் முகஜாடையைப் பார்த்ததும் யாரென்று புரிந்துகொண்டு, வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அம்மாவாக்கும், இல்லையா? இவ்வளவு தூரம் வந்தேளே! எப்படித்தான் தாங்கிண்டேளோ. உங்காத்துக்காரரை ஆனை அப்படிப் பண்ணினதை வாசிச்சுட்டு நான் ரெண்டு நாள் சாப்பிடலை. குழந்தைகிட்ட அவ அப்பாவைப் பத்தி ஒத்தரும் பேசப்படாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

பூமாரியின் கை தானாகத் தாலிக்குப் போனது. நெற்றியில் குங்குமம், தலையில் பிச்சிப்பூ. ஸ்ரீரஞ்சனியும் அதை அப்போதுதான் பார்த்தாள்.

"எந்த ஆனை?" என்றாள் பூமாரி.

பக்கத்தில் நின்ற முனீஸ்வரன் ஸ்ரீரஞ்சனிக்கு வணக்கம் வைத்தான். "நான்தாம்மா அவ அப்பா" என்றான்.

அரிசி மில்லில் அரிசி விழுந்தால் கேட்கும். இதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

யோகப்பிரியாதான் பேசினாள். "பாரம் எழுதும்போது கிளார்க்கய்யா அப்படி எழுதிட்டாரும்மா. எனக்கும் தெரியாது. பலகை மாட்டின அன்னைக்குத்தான் இங்கிலீஷ்ல முழுசாப் படிச்சேன். உண்மையச் சொன்னா இடத்த எடுத்துருவாங்களோன்னு பயந்துட்டேன். மூணு நாளா அப்பா செத்தவராவே இருந்தாரு. நானும் விட்டுட்டேன்."

"அதான் வர வேண்டாம்னியாட்டி?"

"அதான்."

பூமாரி என் பக்கம் திரும்பவே இல்லை. "யானை மிதிச்ச எடத்துல ஒத்தச் செருப்பு, டார்ச் லைட்டு கெடந்துன்னு எழுதியிருக்கா?" என்று மகளிடம் கேட்டாள். அவள் தலையாட்டினாள். "அது வீரபாண்டி அண்ணனோடதுல்லா."

மூன்று வருஷத்துக்கு முன் உண்மையிலேயே யானை மிதித்துச் செத்தவன் வீரபாண்டி. பூமாரிக்கு இரண்டு வீடு தள்ளி. அந்தச் செருப்பையும் டார்ச்சையும் நான் கற்பனையில் எடுக்கவில்லை. அவன் வீட்டு வாசலிலிருந்து எடுத்திருந்தேன். "நாளைக்கு அவன் பொஞ்சாதி நாச்சம்மாளோட ஒரே நிரையில நின்னு கொழுந்தெடுக்கணும். அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றாள் பூமாரி.

எழுதும்போது எனக்கு நாச்சம்மாள் நினைவுக்கு வரவில்லை. சொல்லின் எண்ணிக்கைதான் நினைவில் இருந்தது.

"நான்... ஒரு லீவு லெட்டர் மாதிரி நினைச்சுட்டேன்" என்றேன்.

"எனக்கு அப்பாவச் சாகடிச்சது பெருசில்ல கிளார்க்கய்யா," யோகப்பிரியாவின் குரல் தாழ்ந்துதான் இருந்தது. அந்த அறையில் வளர்ந்த குரல். "நான் வரைஞ்சது எங்கப்பா தூங்குறத. சிரிக்கணும்னு வரைஞ்சேன். இங்க வந்த எல்லாரும் பொணத்தப் பாத்துட்டுப் போறாங்க. முப்பது படத்தையும் ஒரே ராத்திரில நீங்க மாத்தி வரைஞ்சிட்டீங்க."

ஸ்ரீரஞ்சனிக்கு முகம் சிவந்து போயிருந்தது. என்மேல் பாய்வாள் என்று எதிர்பார்த்தேன். "தமிழ்ல எழுதலாம்னு பாரத்துல ஒரு வரி போட எங்களுக்குத் தோணலை. நானும் தமிழ்தான் பேசறேன், எனக்கும் தோணலை. தடை என்ன, தடை என்னன்னு கேட்டது நாங்கதானே" என்றாள். பிறகு யோகப்பிரியாவைப் பார்த்து, "ஆனா கமிட்டிக்கு நான் எழுதியாகணும். மறைக்க முடியாது. இடம் போனாலும் போகும். கேட்டியா?"

"எழுதுங்கக்கா. மொதல்ல பலகைய எடுத்துருங்க."

இந்தக் கலாட்டாவில் முனீஸ்வரனை எல்லாரும் மறந்துவிட்டோம். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தான்: "எந்த யானைய்யா? ஒத்தக் கொம்பனா?" ராத்திரி முழுக்கக் கொழுந்து புரட்டியவன், பத்து மணி நேரம் பஸ்ஸில் வந்தவன். சுவருக்கு எதிரே கிடந்த நீள பெஞ்சில் உட்கார்ந்தான். சாய்ந்தான். ஒருக்களித்தான். அப்புறம் மில் முழுக்க அந்தச் சத்தம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பெஞ்சைப் பார்த்தாள். சுவரில் ஏழாவது படத்தைப் பார்த்தாள். மறுபடி பெஞ்சைப் பார்த்தாள். அதே கை, அதே முழங்கால், அதே திறந்த வாய். வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. இந்தத் தடவை அழவில்லை. தம்பதியும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரிக்க, அடுத்தவர் சிரிக்க, அவனை எழுப்பிவிடக் கூடாதென்று எல்லாரும் சத்தம் வராமல் சிரித்தார்கள். யோகப்பிரியா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்று நாளாக அவள் காத்திருந்தது அதற்குத்தான். அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான் என்று எனக்குக் கணக்காகத் தெரிந்தது.

பலகையைக் கழற்றினார்கள். "புதுசா எழுதித் தரேளா?" என்று ஸ்ரீரஞ்சனி கேட்டது பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்து. பேனாவை வாங்கினேன். நானூறு தாய்மார்களைக் கொன்ற கை, உயிரோடிருக்கிற ஒருவனைப் பற்றி ஒரு வரி எழுத முடியாமல் நின்றது. யோகப்பிரியா பேனாவை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். நான் கசக்கி எறிந்த அதே நாலு வரியைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

அன்று அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் காலை கிளம்பினோம். பிள்ளை பாதிப் புளிச்சோற்றை எடுத்துக்கொண்டாள். கோவிந்தாபுரத்தில் பஸ் மாற இறங்கியபோது, டீக்கடைக்காரர், "ஏனுங்க, உள்ள வந்து உக்காந்து சாப்புடுங்க, வெயிலுங்க" என்று பெஞ்சைத் துடைத்துக் கொடுத்தார். பூமாரி மீதிச் சோற்றைப் பிரித்தாள். முனீஸ்வரனுக்கு வைத்தாள். தனக்கு வைத்தாள். எனக்கு வைக்கமாட்டாள் என்று நினைத்தேன். எல்லாருக்கும் வைத்ததைவிட ஒரு கை கூடவே வைத்து, துவையலையும் வைத்து, இலையை என் பக்கம் தள்ளினாள்.

"திங்கிங்க கிளார்க்கய்யா. எழவு வீட்டுச் சோறு."

முனீஸ்வரனுக்குப் புரை ஏறிவிட்டது, சிரிப்பில். நான் தின்றேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

ஊருக்குப் போனதும் பூமாரி தூக்குச்சட்டியைக்கூட இறக்கிவைக்காமல் நேரே நாச்சம்மாள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் அதற்குப் பிறகு அந்த லயத்துப் பக்கம் போகவில்லை. கடைத்தெருவில் நாச்சம்மாள் எதிரே வந்தால், என் செருப்பைப் பார்த்துவிட்டுப் போவாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ரிஜிஸ்தர் கடிதம் வந்தது. மலையாளத்தில். யோகப்பிரியா இன்னும் பாலக்காட்டில்தான் இருந்தாள். கடிதம் வீட்டு முகவரிக்கு வந்துவிட்டது. பூமாரி என் மாடி ஏறினாள். எழுத்துத் தெரிந்த ஆள் வேறு கிடைக்காததால்தான் வந்திருக்கிறாள் என்று நிற்கிற நிலையிலேயே தெரிந்தது.

"வாசிங்க. உள்ளத மட்டும்."

வாசித்தேன். அபேட்சையில் தவறான தகவல் கொடுக்கப்பட்டிருந்ததால் ஒரு வருஷ இடம் ரத்து செய்யப்படுகிறது. படங்கள் கண்காட்சி முடியும்வரை சுவரில் இருக்கும். அடுத்த வருஷம் அவள் மறுபடி விண்ணப்பிக்கலாம். பாரம் இனிமேல் தமிழிலும் இருக்கும்.

கடைசி வரியை நான் சேர்த்ததாகத்தான் அவள் நினைத்திருப்பாள். கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள்.

"கூட்டலையே?"

"இல்ல பூமாரி."

"எனக்கு வருத்தமா இருக்கும்னு குறைக்கலையே?"

"இல்ல."

"அப்ப இன்னொரு தடவ வாசிங்க."

மேலே இருந்து கீழ்வரை மறுபடி வாசித்தேன். இடம் ரத்துதான். படங்கள் சுவரில்தான். பாரம் தமிழிலும்தான். நான் சொன்ன ஒரு விஷயம் இரண்டு தடவையும் ஒரே மாதிரி இருந்தது என் அறுபத்தாறு வயதில் அன்றைக்குத்தான். பூமாரி கடிதத்தை வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.